கவலைக்கிடம்

சங்கரன்கோவில்,
15-6-80

அன்புள்ள தம்பி ஞானரத்தினத்துக்கு,

அக்கா சுந்தரபாய் எழுதுவது. தேவன் தயவால் இங்கே நாங்கள் நான்கு பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் மெட்ராஸில் அப்படியே இருக்க ஜெபிக்கிறேன். மெஸ் சாப்பாடு வாய்க்கு விளங்கவில்லை என்று பட்டினி கிடக்காதே. புரூஃப் திருத்துகிற வேலைக்குக் கண் வேண்டும், கண்ணுக்குச் சோறு வேண்டும்.

போன வாரமே எழுத நினைத்தேன். பிரசவ வார்டில் இன்னொரு நர்ஸ் லீவில் போய்விட்டாள். அவள் டூட்டியும் என் தலையில்தான். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வருவதில்லை. இன்று ஆராதனை முடிந்து வந்ததும் வைராக்கியமாகப் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஒளிவுக்கு வாசிக்கத் தெரியவில்லை.

எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதா என்று கேட்பாய். நானும் நம்பவில்லை. அவள் நோட்டைப் பார்த்தால் முத்து முத்தாக எழுதியிருக்கிறாள். கரும்பலகையில் இருப்பதைக் கோலம் போடுவதுபோல அப்படியே பார்த்து வரைகிறாள், அவ்வளவுதான். வகுப்பில் அத்தனை பிள்ளைகள் இருக்கும்போது யார் கவனிப்பார்கள்? பெற்ற நானே கவனிக்கவில்லை.

எப்படித் தெரிந்தது என்று கேள். மாலை ஜெபத்தில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வாசிப்பது நம் வீட்டு வழக்கம். ஒளிவுக்குப் பக்கத்தில் அவள் தம்பி பிரபு உட்காருவான். ஒன்பது வயதுதான் என்றாலும் மளமளவென்று வாசிப்பான். அவள் முறை வரும்போது அவன் வாய்க்குள் சொல்லுவான். அவள் அதைக் கேட்டு மெல்ல மெல்லச் சொல்லுவாள். உன் அத்தான் இத்தனை வருஷமாக அதைப் பயபக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

போன வாரம் பிரபுவுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து வாயைத் திறக்க முடியவில்லை. அன்றைக்கு ராஜாக்களின் வம்ச வரிசை ஓடிக்கொண்டிருந்தது. ஒளிவின் முறை வந்தது. அவள் வேதத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே, மனப்பாடமாகத் தெரிந்த ஒரு சங்கீதத்தை முதலிலிருந்து கடைசி வரை சொல்லி முடித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. உன் அத்தான் முகத்தைப் பார்த்ததும் அது அப்படியே உள்ளே போய்விட்டது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். தினமும் பனவடலிசத்திரம் பக்கம் பஸ் ஏறிப் போய் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். ஏட்டி, எங்கள இம்புட்டு நாளா ஏமாத்திட்டியே என்றுதான் கேட்டார். மறுநாள் தன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார். அணில் படம், ஆடு படம். பிரபு கன்னம் வீங்கியிருந்தும் சிரித்தான். அவள் அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிட்டாள்.

அரைப்பரீட்சை வரை பார்ப்பேன், அதற்குள் வாசிக்கவில்லை என்றால் புளியங்குடியில் தன் அக்காள் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன் என்று உன் அத்தான் சொல்லிவிட்டார். அங்கே எலுமிச்சை வியாபாரம். வீடு முழுக்க வேலை. ஒத்தாசைக்கு ஒரு பெண்பிள்ளை கிடைத்தால் போதும் என்று அவர்களும் காத்திருக்கிறார்கள். போனால் அப்புறம் கல்யாணத்துக்குத்தான் திரும்பி வருவாள்.

நீதான் பெண்பெயரில் பத்திரிகைகளுக்குக் கதை எழுதுகிறாயே. இந்தப் பிள்ளைக்கு ஒரு கதை எழுதி அனுப்பு. அவள் வாசிக்கிற மாதிரி சுலபமாக இருக்கட்டும்.

உன் அக்கா,
சுந்தரபாய்


சங்கரன்கோவில்,
13-7-80

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமே வேண்டும். உன் கதை வந்தது. கோபித்துக்கொள்ளாதே, அது உதவவில்லை.

அவளுக்குத் தாவணி எடுக்கிற வயது வரப்போகிறது. நீ முயலை அனுப்பியிருக்கிறாய். அந்த முயல் அம்மா சொல் கேளாமல் போய் நரியிடம் மாட்டிக்கொண்டு திருந்துகிறது. ஒளிவு முதல் இரண்டு வரியை எழுத்துக்கூட்டினாள். மொசலுக்கு என்ன ஆச்சுன்னு எனக்கு இப்பமே தெரியும்மா என்று மடித்துக் கொடுத்துவிட்டாள். அவளுக்கு எழுத்துத்தான் தகராறு தம்பி, புத்தி நம் இருவரையும் விற்றுவிடும். கடைக்காரரிடம் மிச்சக் காசில் ஏமாறவே மாட்டாள்.

ஆகையால் நான் சொல்லுகிறபடி எழுது. வாக்கியம் சின்னதாக இருக்கட்டும், ஆள் சின்னப்பிள்ளையாக இருக்க வேண்டாம். அவள் வயதில் ஒரு பெண் இருக்கட்டும். இந்தப் பக்கத்து ஊர் வரட்டும், லாரி வரட்டும், போலீஸ் வரட்டும். முதல் பக்கத்திலேயே யாராவது செத்தால் நல்லது. கடைசியில் புத்திமதி வேண்டவே வேண்டாம். புத்திமதி சொல்ல இந்த வீட்டில் ஆள் அதிகம்.

இன்னொன்று. உன் அத்தானுக்குக் கதைப்புத்தகம் என்றாலே ஆகாது. அது பிள்ளைகளைக் கெடுக்கும் என்பார். அதனால் புத்தகமாக அனுப்பாதே. இன்லேண்ட் லெட்டரில், அவள் பெயர் போட்டு, கடிதமாக எழுது. மாமா மருமகளுக்குக் கடிதம் எழுதுவதை யாரும் தடுக்க முடியாது. அவளுக்கு இதுவரை தன் பெயருக்கு ஒரு கடிதம்கூட வந்ததில்லை.

எனக்கு நிற்க முடியவில்லை. குதிகால் வலி. சோறு வடித்துவிட்டுப் படுக்க வேண்டும்.

அன்புடன்,
அக்கா சுந்தரபாய்


சங்கரன்கோவில்,
21-9-80

அன்புள்ள தம்பி,

உன் மாடத்தி இந்த வீட்டைப் பிடித்து ஆட்டுகிறாள். இளையரசனேந்தல் பக்கத்தில் ஆடு மேய்க்கிற பெண், வறண்ட கண்மாய்க்குள் ஒற்றைச் செருப்பைப் பார்க்கிறாள், பக்கத்தில் எலுமிச்சை வியாபாரி துரைப்பாண்டி செத்துக் கிடக்கிறார். சரியான இடத்தில் இன்லேண்டில் இடம் தீர்ந்துபோகிறது. நீ வேண்டுமென்றே அப்படிச் செய்கிறாயா, பெரிய எழுத்தில் எழுதுவதால் அப்படி ஆகிறதா?

தபால்காரர் மூக்காண்டி தெரு முனையில் திரும்பும்போதே ஒளிவு வாசலுக்குப் போய்விடுகிறாள். செல்வி மா. ஞானஒளிவு என்று அவர் சத்தமாகப் பெயரைச் சொல்லித்தான் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாங்க மாட்டாள். பிறகு கடிதத்தை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விடுகிறாள். ஒரு கடிதம் முடிக்க அவளுக்கு இரண்டு மூன்று நாள் ஆகிறது. பிரபுவிடம் ஒரு எழுத்துகூடக் கேட்பதில்லை.

இதில் ஒரு கூத்து நடந்தது. முதல் கடிதத்தை வாசித்துவிட்டு, மாமாவுக்கு வெக்கமே இல்லையாம்மா என்றாள். ஏன் என்றேன். ஒரு பெரிய மனுசன் கொல்லைக்குப் போனத இப்படியா வெளக்கமா எழுதுவாரு என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். நீ கொலை, கொலை என்று எழுதியிருக்கிறாய். அவள் எல்லாவற்றையும் கொல்லை என்று வாசித்திருக்கிறாள். கொல்லை நடந்த இடம், கொல்லை செய்தது யார், கொல்லைகாரனைப் போலீஸ் தேடுகிறது! நானும் அவளும் கிணற்றடியில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு மைமூனம்மாள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள். இந்த வீட்டில் அப்படிச் சிரித்து எவ்வளவு காலம் ஆயிற்று தம்பி.

பிறகுதான் காரணம் விளங்கியது. நாம் படித்த காலத்து லை, ளை, னை, ணை எல்லாம் தலையில் யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு வளைவோடு இருக்கும். இப்போது பள்ளிப் புத்தகங்களில் தும்பிக்கையை எடுத்துவிட்டு, மற்ற எழுத்துகளைப் போல முன்னால் ஒரு கொம்பைப் போட்டுவிட்டார்கள். நீ இன்னும் பழைய பழக்கத்தில் தும்பிக்கையோடுதான் எழுதுகிறாய். அவள் பழையதையே சரியாகப் பிடிக்கவில்லை, அதற்குள் புதியது வந்துவிட்டது. வேதத்தில் ஒரு லை, பாடப்புத்தகத்தில் வேறொரு லை, இரண்டுக்கும் நடுவில் என் பிள்ளை. அந்த இடம் வந்தாலே அவள் ஏதாவது ஒன்றை ஊகித்து ஒட்டிவிடுகிறாள்.

இனிமேல் புது எழுத்தில் எழுதச் சொல்லி மாமாவுக்குச் சொல்லுகிறேன் என்றேன். வேண்டாம்மா, தும்பிக்க இருந்தா ஐ சத்தம், அம்புட்டுத்தானே, நான் பாத்துக்கிடுதேன் என்றாள். அன்றிலிருந்து உன் கடிதத்தில் அந்த எழுத்து வருகிற இடத்தில் எல்லாம் பென்சிலால் குட்டி யானை போட்டு வைக்கிறாள். இப்போது யானைகள் குறைந்துகொண்டு வருகின்றன.

உன் அத்தானைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், சிரிக்காதே. கடிதங்களை ஒழுங்காக அடுக்கி வைக்கிறேன் என்று எடுத்தார். நேற்று சாப்பிடும்போது, யாரிடமோ கேட்பதுபோல, அந்த லாரி டிரைவர் மருதப்பன்தானே செஞ்சிருப்பான் என்றார். ஒளிவு சோற்றைப் பிசைந்துகொண்டே, முழுசா வாசிக்காம பேசாதீங்கப்பா என்று சொல்லிவிட்டாள். எனக்குப் பயமாகிவிட்டது. அவர் மோர் கேட்டார்.

ஆனாலும் புளியங்குடிப் பேச்சை அவர் விடவில்லை. கடிதம் வாசிப்பது வேறு, பாடம் வாசிப்பது வேறு என்கிறார். நீ நிறுத்தாமல் எழுது. உன் கடிதத்தில் கண் எரிச்சல், பசியில்லை என்று ஓரத்தில் எழுதியிருந்தாயே, அதை ஏன் ஓரத்தில் எழுதுகிறாய்? டாக்டரைப் பார்.

உன் அக்கா


சங்கரன்கோவில்,
7-12-80

அன்புள்ள தம்பி ஞானரத்தினத்துக்கு,

அக்கா எழுதுவது. நான் போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. ஒளிவுக்கும் கடிதம் வரவில்லை. கடைசியாக வந்ததில் உன் எழுத்து கீழ்ப்பக்கமாகச் சரிந்து போயிருந்தது. கை நடுங்கும்போது எழுதினாயா?

மாடத்தி எலுமிச்சை லாரிக்குள் மூட்டைகளுக்கு நடுவில் ஒளிந்திருக்கிறாள். லாரி செங்கோட்டை மலைப்பாதையில் ஏறுகிறது. வண்டியை ஓட்டுகிறவன்தான் கொலைகாரன் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிகிறது. அந்த இடத்தில் நிறுத்திவிட்டாய். ஒளிவு தினமும் வாசலில் நிற்கிறாள். இன்னக்கி இல்லையே மக்கா என்று மூக்காண்டி தூரத்திலிருந்தே கையை விரிக்கிறார்.

அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் ஒரு காரியம் செய்தேன். மிச்சக் கதையை நானே எழுதி, உன் எழுத்து மாதிரி தும்பிக்கையெல்லாம் பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். பாதி வாசித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொண்டுவந்தாள். இது மாமா எழுதுனது இல்ல, இதுல மாடத்தி அழுதா, மாமா எழுதுன மாடத்தி அழ மாட்டா என்றாள். எழுத்துக்கூட்டத் தெரியாதிருந்த பிள்ளைக்கு இப்போது யார் எழுதியது என்றுகூடத் தெரிகிறது. எனக்குச் சந்தோஷமும் வெட்கமுமாக இருந்தது.

அரைப்பரீட்சை வந்துவிட்டது. புளியங்குடியிலிருந்து ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், கிறிஸ்துமஸ் முடிந்ததும் அழைத்துப் போக வருவார்களாம். உன் அத்தான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. அலுப்பாக இருக்கிறது தம்பி. சண்டை போடக்கூட உடம்பில் தெம்பு வேண்டும்.

கதை கிடக்கட்டும். உன் கண் மஞ்சளாக இருக்கிறதா, சிறுநீர் எப்படிப் போகிறது, எனக்கு எழுது. நான் உன் அக்கா மட்டும் இல்லை, நர்ஸும்தான். என்னிடம் மறைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மருந்துக்கடையில் கேட்டு எதையாவது வாங்கிக் குடித்துக்கொண்டிருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. கிறிஸ்துமஸுக்கு வருவாய் என்று பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

கவலையுடன்,
அக்கா


சங்கரன்கோவில்,
6-1-81

என் தம்பிக்கு,

இதை உன் அத்தான் கையில் கொடுத்து அனுப்புகிறேன். இன்றைய கொல்லம் மெயிலில் புறப்படுகிறார். உன்னால் வாசிக்க முடியாவிட்டால் உன் அறைத் தோழர் கோமதிநாயகம் வாசித்துக் காட்டட்டும். அவருக்கு நாங்கள் என்ன கைம்மாறு செய்யப்போகிறோமோ தெரியவில்லை. நம் ஊர்க்காரர் என்பதற்காக மட்டும் ஒருவர் இவ்வளவு பார்ப்பாரா?

கிறிஸ்துமஸுக்கும் நீ வராமல் தவித்துக்கொண்டிருந்தோம், அவர் போட்ட அஞ்சலட்டை இன்று வந்தது. தந்தி என்றால் இங்கே எல்லோரும் சாவு என்று நினைத்து அலறிவிடுவோம், அதனால்தான் அட்டை போட்டிருப்பார். அதுவும் நல்லதற்குத்தான். அந்த அட்டை எப்படி என் கைக்கு வந்தது என்பதை உனக்குச் சொல்ல வேண்டும்.

நான் டூட்டியில் இருந்தேன். அத்தான் பள்ளிக்கூடம் போய்விட்டார். ஒளிவுக்கு வகுப்பு மதியம் வரைதான். மூக்காண்டி அட்டையை அவளிடம் கொடுத்திருக்கிறார். முன்பெல்லாம் என்ன தபால் வந்தாலும் மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விடுவாள். இன்று தெருவிலேயே நின்று வாசித்திருக்கிறாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள்.

நான் அப்போதுதான் ஒரு பிரசவம் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் வந்து நின்றாள். மாமா ரூம்ல இருந்து அட்டை வந்திருக்கும்மா, வாசிக்கட்டுமா என்றாள். என் கையில் சோப்பு. வாசி என்றேன்.

அவள் வாசித்தாள் தம்பி. வரிக்குக் கீழே விரல் வைக்கவில்லை. எழுத்துக்கூட்டவில்லை. கோமதிநாயகமும் உன்னைப்போலவே தும்பிக்கை போடுகிறவர். ஒரு தும்பிக்கையிலும் அவள் தட்டுப்படவில்லை. காமாலை என்பதைச் சரியாகச் சொன்னாள். நிலைமை என்பதைச் சரியாகச் சொன்னாள். பாதி அட்டை வரை எனக்கு அவள் வாசிக்கிறாள் என்பது மட்டும்தான் காதில் விழுந்தது. என்ன வாசிக்கிறாள் என்பது விழவில்லை. கர்த்தர் என்னை மன்னிக்கட்டும், நீ அங்கே ஆஸ்பத்திரியில் அப்படிக் கிடக்க, நான் இங்கே குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு சந்தோஷப்பட்டு நின்றேன். பக்கத்தில் நின்ற ஆயா பேச்சியிடம், எம்பிள்ள வாசிக்கா பாத்தியா என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

அப்புறம் அவள் நிறுத்தினாள். அட்டையிலிருந்து தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். மாமா கவலைக்கிடமா இருக்காருன்னு போட்டிருக்கு, கவலைக்கிடம்னா எந்த எடம்மா, அது மெட்ராஸ்ல எங்கன இருக்கு என்று கேட்டாள்.

ஒரு எழுத்தும் தப்பவில்லை. நான் குழாயை மூடினேன். பேச்சிதான் அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொன்னேன். அட்டையை வாங்கியவர் தான் வாசிக்காமல் அவளிடமே திருப்பிக் கொடுத்து, நீ வாசி என்றார். அவள் மறுபடி முதலிலிருந்து கடைசி வரை வாசித்தாள். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பாடம் கேட்கிற வாத்தியார் முகம் இல்லை அது. முடித்ததும், எம்மா எனக்கு அந்தப் பைய எடுத்துக் குடு என்று அவளிடம் சொன்னார். துணி அடுக்கும்போது, கூட்டிப் போக வர வேண்டாம்னு புளியங்குடிக்கு நான் எழுதிடுதேன், அவ இங்கயே படிக்கட்டும் என்று என்னிடம் சொன்னார். எத்தனை மாதமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தேன். அது வந்தபோது எனக்குத் தலையாட்டத்தான் முடிந்தது.

தம்பி, நான் வார்டில் எத்தனையோ பேரைப் பார்த்தவள். இன்னும் கொஞ்சம் வலியைப் பொறுத்துக்கொள் என்று எத்தனையோ பேரிடம் சொன்னவள். உன்னிடமும் அதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. டாக்டர் சொல்வதைக் கேள். குளுக்கோஸ் ஊசியைப் பிடுங்காதே. எண்ணெய்ப் பலகாரத்தின் பக்கமே போகாதே. லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். மைமூனம்மாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். லீவு கிடைத்ததும் அடுத்த வண்டியில் நானும் வருகிறேன்.

மாடத்தி இன்னும் அந்த லாரிக்குள்தான் இருக்கிறாள். ஒளிவு அவளைப் பற்றி இன்று ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. உன் பழைய கடிதங்களை எடுத்து, பென்சிலால் போட்ட யானைகளை எல்லாம் ரப்பரால் அழித்துக்கொண்டிருக்கிறாள். ஏன் அழிக்கிறாய் என்றேன். மாமா வந்து பாத்தா எனக்குத் தெரியலன்னு நெனப்பாருல்லா என்றாள்.

மதியத்திலிருந்து அவள் மூன்று முறை கேட்டுவிட்டாள், அது எந்த இடம் என்று. நான் அடுப்பைப் பார்க்கிறேன், துணியை மடிக்கிறேன். என்னால் சொல்ல முடியாது. நீ அங்கே இருந்துவிட்டாய், வழி உனக்குத்தான் தெரியும். எழுந்து வந்து நீயே அவளுக்குச் சொல்லு ராசா.

தேவன் உன்னைத் தொட்டுச் சுகமாக்குவாராக.

உன் அக்கா,
சுந்தரபாய்